தேர் இல்லாத மாதத்துக் கோடு

எல்லாவற்றையும் பயத்தினால் மட்டுமே செய்துவந்த ஒரு மனிதர், ஒருநாள் பலருக்கும் உதவும் காரியம் ஒன்றைச் செய்துவிட்டால், அதையும் பயத்தின் கணக்கில்தான் சேர்க்க வேண்டுமா? கோதண்டராமனை அறிந்தவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் பெரும்பாலோர் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். பயந்தவர்களைப் பற்றி யாரும் நெடுநேரம் யோசிப்பதில்லை.

திருவண்ணாமலையில், தேர் போகும் வீதி ஒன்று முழங்கை போல மடங்கும் இடத்தில் அவர் பை தைக்கும் கடை வைத்திருந்தார். அறுந்த தோள்பட்டை, பல் விட்ட ஜிப், சக்கரம் கழன்ற சூட்கேஸ் எல்லாம் அவரிடம் வரும். கிரிவலத்துக்கு வருகிறவர்களின் பைகள் மலையைச் சுற்றி முடிப்பதற்குள் எங்காவது பிய்ந்துவிடும் என்பதால், பௌர்ணமி அவருக்கு நல்ல வியாபாரம். அந்த நாளில்தான் அவர் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருப்பார். கூட்டம் பயம்.

மற்ற பயங்களும் இருந்தன. பேருந்தில் கதவை ஒட்டிய இருக்கை கிடைக்காவிட்டால் அடுத்த பேருந்துக்கு நிற்பார். போக்குவரத்துப் போலீஸ்காரர் விசில் அடித்தால், வண்டியே இல்லாத அவர் தன் காலைக் குனிந்து பார்ப்பார். கூலி எவ்வளவு என்று கேட்டால் "நீங்க பாத்துக் குடுங்க" என்பார். பணிவு என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். விலை சொல்லி, எதிரே இருப்பவர் முகம் சுருங்குவதைப் பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை, அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவரிடம் அந்த வீதி ஒரு பொறுப்பைக் கொடுத்து வைத்திருந்தது. கார்த்திகையில் தேர் வருவதற்குச் சில நாள் முன்னால், கடைக்காரர்கள் எல்லோரும் வீதியில் நீட்டியிருக்கும் தகரக் கூரை, படிக்கட்டு, பலகை எல்லாவற்றையும் உள்ளே இழுக்க வேண்டும். எதுவரை இழுப்பது என்பதற்கு ஒரு கோடு. துளை போட்ட பால்பவுடர் டின்னில் சுண்ணாம்புப் பொடியை நிரப்பி, குனிந்தபடி வீதியின் இரண்டு பக்கமும் ஒருவர் கோடு போட்டுக்கொண்டே போவார். முன்பு கோதண்டராமனின் அப்பா போட்டார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். வீதியில் அவருக்குச் சொந்தக்காரர் என்று ஒருவரும் கிடையாது, ஆகவே யாருக்கும் சலுகை காட்ட மாட்டார் என்று அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்குப் பிறகு மகன்.

அந்தக் கோட்டுக்கு இரண்டு விதிகள். போடுகிறவர் முதலில் தன் கடை வாசலில்தான் தொடங்க வேண்டும். போட்டு முடிக்கும்வரை யாரும் அவரிடம் பேசக் கூடாது. பேசக் கூடாது என்றுதான் விதி, நிற்கக் கூடாது என்று இல்லை. ஆகவே ஒவ்வொரு கடைக்காரரும் தனக்குக் கோடு எங்கே வேண்டுமோ அங்கே காலை நீட்டி வைத்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கோதண்டராமன் கால்விரலைப் பார்ப்பார். கோடு விரலுக்கு ஓரமாகப் போகும். தேர் போக இடம் இருந்தது. யாரும் சண்டை போடவில்லை. தேர் நிலைக்குத் திரும்பியதும் கூட்டத்தின் கால்களில் சுண்ணாம்பு கரைந்துபோக, கூரைகள் மறுபடி வெளியே வந்துவிடும்.

இதை நேர்மை என்று சொல்ல முடியாது. அநியாயம் என்றும் சொல்ல முடியாது. எல்லோருக்கும் வசதியான ஒரு ஏற்பாடு.

அந்த வீதியில் வியாபாரம் குறைந்துகொண்டே வந்தது. கிரிவலம் முடித்தவர்கள் நெரிசலுக்கு அஞ்சி, பழைய கடைத்தெருவுக்குள் வராமல் நேரே பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்தார்கள். மலையைச் சுற்றிப் புது லாட்ஜுகள், புதுக் கடைகள் வந்துவிட்டன. அப்போதுதான் வீதியைச் சீரமைக்க ஒரு திட்டம் வந்தது. கல் பாவிய தரை, மூடிய சாக்கடை, நிழற்கூரை, குடிநீர், கழிப்பறை, பைக்குக்குத் தடை. திட்டத்தை வீதிக்காரர்களே கூடிப் பேசி உருவாக்க வேண்டும் என்பது நிபந்தனை. கட்டிடக்கலை படித்து, ஊர்களைச் சீரமைக்கும் தொண்டு அமைப்பு ஒன்றில் வேலை செய்த ஆர்த்தி என்ற பெண் அதற்காக வேலூரிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்தார்.

முதல் கூட்டம் மாசியில், ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கோதண்டராமன் கதவோரம் உட்கார்ந்தார். கடை வரிசையின் படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு ஆர்த்தி கேட்டார்.

"தேர் வர்றப்ப எல்லாரும் கடைய உள்ள இழுத்துக்கிறீங்களாமே. எப்படிங்க? போலீஸ் வருமா?"

"போலீஸ் எதுக்கு? எங்க கோதண்டம் வருவாரு" என்றார் சக்கரவர்த்தி. மண்டபம் சிரித்தது. சக்கரவர்த்தி வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர். வளைவில் இருக்கும் லாட்ஜ் அவருடையது. கோதண்டராமனின் கடையும் அவருடைய இடம்தான்.

கோட்டின் விவரத்தைச் சொன்னார்கள். ஆர்த்தியால் நம்ப முடியவில்லை. "யாருமே சண்டைக்குப் போக மாட்டீங்களா?"

"சண்டை போட அந்தாளுகிட்ட இன்னா இருக்குது?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். வளைவுக்கு எதிர்ப்பக்கம் பஜ்ஜி போடும் ஆராயி. "பூனை மாதிரி வருவாரு, பூனை மாதிரி போவாரு. நாம திரும்பிப் பாக்கறதுக்குள்ள வெள்ளையா ஒரு கோடு கெடக்கும்."

மறுபடி சிரிப்பு. ஆர்த்தி சிரிக்கவில்லை. அவருக்கு அதில் ஒரு பெரிய வழி தெரிந்துவிட்டது. "அப்ப அதே மாதிரி ஒரு கோட்டையே நிரந்தரமா வெச்சுக்கலாமே? வெளியாளு வந்து அளக்க வேணாம். நீங்களே போடுங்க, அதுக்கு உள்ளயே நில்லுங்க. திட்டம் அந்தக் கோட்டுல இருந்து ஆரம்பிக்கட்டும்."

கைதட்டினார்கள். சக்கரவர்த்தி எழுந்து மைக்கை வாங்கினார். "கோதண்டம் எங்க போடறாரோ அதான் கோடு. என் கட்டடமா இருந்தாலும் சரி, எவன் கட்டடமா இருந்தாலும் சரி. இது சங்கத்தோட தீர்மானம்." பிறகு மைக் கதவோரத்துக்கு வந்தது. "சம்மதந்தானே கோதண்டம்?"

மைக் ஒரு பிராணியைப் போல அவர் முகத்துக்கு நேரே நின்றது. அதை எடுத்துவிட்டால் போதும் என்று அவர் தலையை ஆட்டினார்.

வெளியூர்க்காரர்கள் இப்படித் தவறியிருக்க மாட்டார்கள். அவர்கள் ஆளை வைத்து அளந்திருப்பார்கள், நோட்டீஸ் கொடுத்திருப்பார்கள், வழக்கு நடந்திருக்கும். கோடு சில நாளில் அழிந்துவிடும் என்பதனால்தான் அதற்குக் கட்டுப்பட்டோம் என்பதை இந்த வீதி மட்டும்தான் மறந்தது. அழியும் கோட்டுக்கு எல்லோரும் நல்லவர்கள். அழியாத கோடு என்றால் என்ன ஆவார்கள் என்று அன்று யாரும் யோசிக்கவில்லை. கோதண்டராமன் யோசித்தார். ஆனால் தலையை ஆட்டிய பிறகு.

அடி அண்ணாமலையில் இருந்த வீட்டுக்கு அவர் போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்விட்டிருந்தது. மனைவி மணிமொழி அங்கன்வாடியில் வேலை பார்த்தார். வாசலிலேயே நின்றிருந்தார்.

"தலைய ஆட்டிட்டு வந்தீங்களாமே."

"எல்லாரும் பாத்துட்டிருந்தாங்க மணி."

"பாத்தா? அவங்க வெச்சிருக்கிறது கண்ணுதானே, கல்லா?"

"வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க."

"கேட்டா இன்னா?"

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். மணிமொழியும் அதற்குமேல் கேட்கவில்லை. முப்பது வருடமாகத் தெரிந்த மனிதர்.

அந்த வளைவைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாட்ஜின் போர்டிகோ வீதிக்கு நீண்டு, கறுப்புக் கிரானைட் பதித்த ஒற்றைத் தூணின் மேல் நின்றது. தூணுக்கும் லாட்ஜின் சுவருக்கும் நடுவில், போர்டிகோவின் அடியிலேயே, முன்னால் ஷட்டரும் மற்றப் பக்கங்களில் சுவருமாக அடைத்த சிறிய அறைதான் கோதண்டராமனின் கடை. ஷட்டர் வீதியின் ஒரு பக்கத்தைப் பார்த்தது. பின்சுவருக்கு அப்பால், வளைவு தாண்டிய மறுபக்கம். தூணுக்கு நேர் எதிரே ஆராயியின் பஜ்ஜிக் கடை. வருகிறவர்கள் எல்லோரும் தூணுக்கும் அந்தக் கடைக்கும் நடுவில்தான் திரும்பியாக வேண்டும். தேர் மெதுவாக, முட்டுக்கட்டை போட்டுப் போட்டுத் திரும்பிவிடும். தேருக்கு ஒரு வடிவம் இருக்கிறது. கூட்டத்துக்கு இல்லை.

சித்திரைப் பௌர்ணமியன்று மாலை அது நடந்தது. கிரிவலத்துக்குப் போகிறவர்கள் ஒரு பக்கமிருந்து வந்தார்கள். கோயிலிலிருந்து வெளியேறியவர்கள் மறுபக்கமிருந்து வந்தார்கள். வளைவில் இரண்டும் சந்தித்து நின்றுவிட்டன. முன்னால் நிற்பது தெரியாமல் பின்னால் வந்தவர்கள் தள்ளினார்கள். முதலில் சத்தம் இருந்தது. "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்றுகூடக் கேட்டது. பிறகு சத்தம் நின்றது. மூச்சு விட இடம் இல்லாதவர்களால் கத்த முடியாது. பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே கோதண்டராமனுக்குத் தெரிந்தது இடுப்புகளும் கைகளும்தான். கைகள் எல்லாம் அசையாமல் உடம்போடு ஒட்டியிருந்தன. ஒரு பெண்ணின் கையிலிருந்த வளையல் ஷட்டரின் விளிம்பில் அழுந்தி உடைந்தது.

எதிர்ப்பக்கம் ஆராயி கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிப் பின்பக்கம் வைத்துவிட்டு மேடைமேல் ஏறி நின்று கத்தினார். "யோவ் கோதண்டம்! ஷட்டரத் தூக்குய்யா! ஜனம் சாவுதுய்யா!"

அவர் காதில் விழுந்தது. கை வரவில்லை. தையல் மெஷினின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஷட்டரைத் தூக்கியது அவர் அல்ல. வெளியே இருந்த யாரோ ஒருவரின் தோள். அது மேலே போனதும் மனிதர்கள் உள்ளே விழுந்தார்கள். தொங்கிய பைகளுக்கு நடுவே, மெஷின்மேல், ஒருவர்மேல் ஒருவர். கடை நிறைந்தது. அப்போதும் வெளியிலிருந்து தள்ளினார்கள். உள்ளே இருந்த பெரியவர் ஒருவர் பின்சுவரை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே இருந்தார்.

"இந்தப் பக்கம் வழி இருக்குதா? வழி இருக்குதாப்பா?"

"இல்லீங்க. செவுருங்க."

"வழி இருக்குதாப்பா?"

"செவுருங்க, ஐயா."

பெரியவர் அதை நம்பாதவர் போலத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு எங்கோ பின்னால் போலீஸ்காரர்கள் ஒரு பக்கத்தைத் தடுத்து நிறுத்தியிருக்க வேண்டும். நெரிசல் இளகியது. ஒவ்வொருவராக வெளியேறினார்கள். சாவு இல்லை. மயங்கியவர்களைத் தூக்கிப் போனார்கள். ஊர் அதைச் சீக்கிரம் மறந்தது, ஏனென்றால் நினைவு வைத்துக்கொள்ள ஒரு பெயர் கிடைக்கவில்லை. கோதண்டராமன் இரண்டு நாள் கடை திறக்கவில்லை. சுவரைத் தட்டும் சத்தம் கேட்கிறது என்று மணிமொழியிடம் சொன்னார். பக்கத்து வீட்டில் தேங்காய் உடைக்கிறார்கள் என்றார் மணிமொழி. உண்மையிலேயே உடைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர் சமாதானமாகவில்லை.

நெரிசலுக்குப் பிறகு கோடு விளையாட்டாக இல்லை. ஆர்த்தி கடைக்கு வந்தார். அந்த மாலை யாரோ மாடியிலிருந்து எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"அண்ணா, இங்க மட்டும் வழி அகலமாகலைன்னா மத்த எதச் செஞ்சும் பிரயோஜனம் இல்லண்ணா. ஒண்ணு அந்தத் தூண் போகணும். இல்லன்னா எதிர்ல அந்தம்மா கடை போகணும்."

"ரெண்டும் வேணாம்னா?"

"அடுத்த சித்திரைக்கு என்னால இந்த ஊருக்கு வர முடியாதுண்ணா. பயமா இருக்கும்."

பயம் என்று இன்னொருவர் வாயிலிருந்து கேட்டது கோதண்டராமனுக்கு ஆறுதலாக இருந்திருக்கலாம். இல்லை. படித்தவர்களுக்கும் பயம் என்றால் நிலைமை தான் நினைத்ததைவிட மோசம் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். நீங்களே ஒரு கோடு போட்டுவிடுங்களேன் என்றார்.

"தீர்மானம் போட்டாச்சேண்ணா. நான் போட்டா கோர்ட்டுக்குப் போவாங்க. நீங்க போட்டா ஒத்துக்கிறோம்னு சொல்லியிருக்காங்க."

அடுத்து சக்கரவர்த்தி வந்தார். கையில் ஒரு சூட்கேஸ். வாடகைக்கு அவர் ஆள் அனுப்புவதுதான் வழக்கம். இன்று தானே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கைப்பிடி ஆடுது பாரு."

கோதண்டராமன் பார்த்தார். கைப்பிடி ஆடவில்லை. இருந்தாலும் திருப்புளியை எடுத்தார்.

"கூட்டத்துல சொன்னது சொன்னதுதான் கோதண்டம். நீ எங்க போட்டாலும் ஒத்துக்குவேன். தூண்மேல போட்டாலும் சரின்னுவேன். பேச்சு மாற மாட்டேன்."

"சரிங்க மொதலாளி."

"தூண் போனா போர்டிகோ போவும். போர்டிகோ போனா மேல இருக்கிற ரூம் போவும். அதுக்கு பதிலு எனக்கு எடம் வேணும். எடம்னு பாத்தா இந்தக் கடைதான் இருக்குது. ஒரு ரிசப்ஷன் போட்டுக்கலாம். அப்புறம் நீ எங்க போவன்னு நான்தான் கவலப்படணும்."

திருப்புளி நழுவியது.

"மெரட்டலப்பா" என்று சக்கரவர்த்தி சிரித்தார். "நாளைக்கு வந்து, மொதல்லயே சொல்லலையேன்னு கேக்கக் கூடாது பாரு." எழுந்தபோது கோதண்டராமனின் தோளைத் தட்டிக் கொடுத்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. தன் பேச்சைக் காப்பாற்றவும் வேண்டும், தன் தூணைக் காப்பாற்றவும் வேண்டும் என்று நினைப்பவர். ஊரில் பெரும்பாலோர் அப்படித்தான்.

ஆராயி வரவில்லை. கெஞ்சுவது அவருக்கு வராது. வாடிக்கையாளர்களுக்கு நடுவே, எதிர்ப்பக்கத்திலிருந்தே பேசினார்.

"இன்னா கோதண்டம், லாட்ஜுக்காரரு வந்து பெட்டி ரிப்பேர் பண்ணிக்கினு போனாரே, நல்லா ஆச்சா?"

"ஆச்சுக்கா."

"எந்தப் பக்கம் சாஞ்சிருந்திச்சி?"

பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆராயி கரண்டியைச் சட்டியில் தட்டினார். "எனக்குத் தெரியும்யா. உன் மூஞ்சி கொஞ்ச நாளா என் பக்கம் திரும்பவே மாட்டேங்குது. கோடு மட்டும் என் பக்கம் திரும்பும். போடு, போடு. ஆனா ஒண்ணு, எண்ண கொதிக்கறப்ப வராத. கை தவறும்."

பேச்சு அப்படி இருந்தாலும், அவருக்கு வேறு இடம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த மேடையில்தான் இரண்டு பெண்களைப் படிக்க வைத்தார். வளைவில் கூட்டம் வேகம் குறைத்துத் திரும்புவதால்தான் அவர் கடைக்கு வியாபாரம். வேறு தெருவில் அதே பஜ்ஜி அந்த விலைக்குப் போகாது.

ஆக, தூண்மேல் கோடு போட்டால் கோதண்டராமனுக்குக் கடை போகும். எதிரே போட்டால் ஆராயிக்குப் போகும். எங்கும் படாமல் போட்டால் சித்திரைக் கூட்டம் மறுபடி வரும். மூன்று பயங்களும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. எது பெரியது என்று தேர்ந்தெடுப்பதுதான் தைரியம் என்று தத்துவம் சொல்லக்கூடும். அப்படி வரிசைப்படுத்தும் பழக்கம் அவரிடம் இருக்கவில்லை. அவருக்கு எல்லாம் ஒரே அளவில்தான் தெரிந்தன, போலீஸ் விசில் உட்பட.

ஒருநாள் காலை அவர் கடைக்குப் போகாமல் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினார். அண்ணன் மணிலாக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே இருந்தார். தம்பி வந்ததில் அவருக்கு ஆச்சரியம்.

"கோடு போடற அன்னிக்கு நான் இங்க வந்துடவா?"

"வாயேன். இன்னா இப்ப?"

"நான் இல்லன்னா யாரு போடுவாங்க?"

"எவனாவது போடுவான். ஊர்ல சுண்ணாம்பா கம்மி?" அண்ணன் ஒரு செடியைப் பிடுங்கி உதறி, காயின் முற்றலைப் பார்த்தார். "சக்கரவர்த்தியே போடுவாரு. அவருக்குக் கை இல்லியா?"

சக்கரவர்த்தி போட்டால் கோடு எந்தப் பக்கம் போகும் என்று கோதண்டராமனுக்குத் தெரியும். சாப்பிட்டுவிட்டுப் போ என்று அண்ணன் சொல்லியும் நிற்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். கதவோர இருக்கை கிடைக்காமல் நடுவில் உட்கார்ந்து வந்தார் என்று, அதே பஸ்ஸில் வந்த ஒருவர் பிறகு சொன்னார்.

ஆனியில் ஒரு காலைப் பொழுது. தேர் இல்லாத மாதத்தில் வீதியில் கோடு விழுவது அதுவே முதல்முறை. அது நல்லதா என்று சிலருக்குச் சந்தேகம். வாசலில் கற்பூரம் ஏற்றி வைத்தார்கள். ஆர்த்தி தன் ஆட்களோடு ஓரமாக நின்றார். கோட்டின்மேல் உடனே பெயின்ட் அடிப்பதற்கு மஞ்சள் டப்பாக்கள் தயாராக இருந்தன. கடைக்காரர்கள் வழக்கம்போல வாசலில் காலை நீட்டி நின்றார்கள். ஆனால் ஒருவரும் வானத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். சக்கரவர்த்தி தூணில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். எதிரே ஆராயி அடுப்பு பற்றவைக்கவில்லை. ஒரு ஸ்டூலை வீதியில் போட்டு உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டியிருந்தார்.

மணிமொழியும் வந்திருந்தார். டின்னில் சுண்ணாம்பு நிரப்பும்போது கணவர் பொடியை வெளியே சிந்துவதைப் பார்த்து, வாங்கித் தானே நிரப்பினார். மெதுவாகக் கேட்டார். "எங்க போடப் போறீங்க?"

அவர் டின்னை வாங்கிக்கொண்டார். கையில் டின் வந்துவிட்டால் பேச்சு கூடாது.

வழக்கப்படி தன் கடை வாசலில் தொடங்கினார். எப்போதும் ஷட்டருக்கு வெளியே ஒரு சாண் தள்ளிக் குனிவார். அன்று ஷட்டரை முழுதாக மேலே தூக்கினார். கடை காலியாக இருந்தது. பைகள், மெஷின், ஸ்டூல் எதுவும் இல்லை. எப்போது எடுத்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. மணிமொழிக்கும் தெரியவில்லை. லாட்ஜின் சுவரை ஒட்டிக் குனிந்து, டின்னைத் தட்டிக்கொண்டே உள்ளே போனார். கோடு வாசலைத் தாண்டி, அறையின் நீளத்துக்கும் போய், பின்சுவரில் முட்டி நின்றது. அவர் நிமிர்ந்தார். வெளியே வந்தார். தூணையும் அதில் சாய்ந்திருந்த சக்கரவர்த்தியையும் சுற்றிக்கொண்டு வளைவைக் கடந்து மறுபக்கம் போனார். அதே சுவரின் வெளிப்பக்கத்தில், கோடு நின்ற இடத்துக்கு நேராகக் குனிந்து, அங்கிருந்து தொடர்ந்தார்.

ஆர்த்திக்குத்தான் முதலில் புரிந்தது. கடையின் சுவர்களை எடுத்துவிட்டால் தூணின் இரண்டு பக்கமும் ஜனம் போகலாம். தூண் நிற்கும். எதிர்க்கடை நிற்கும். அந்த அறையை அவர் லாட்ஜின் ஒரு பகுதி என்றே நினைத்து, வெறும் சுவராகத்தான் படத்தில் வரைந்திருந்தார்.

சக்கரவர்த்தி வாயைத் திறந்தார். மூடினார். தூணைக் காப்பாற்ற, எடுத்துக்கொள்வேன் என்று அவர் பயம் காட்டிய இடம் அது. என் கட்டடமா இருந்தாலும் சரி என்று மைக்கில் சொன்னதை அந்த வீதி முழுவதும் கேட்டிருந்தது. கோடு நடக்கும்போது பேசக் கூடாது. கோடு இன்னும் நடந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கத்தில் ஆராயியின் கால்விரலுக்கு ஓரமாக அது போனபோது அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. குனிந்திருந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைத் தைரியம் என்று அப்போதே சிலர் சொன்னார்கள். அவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட முடியாது. முதலாளியின் தூணைத் தொட அவருக்குப் பயம், ஆராயியின் வாய்க்குப் பயம், கூட்டத்துக்குப் பயம்; யாரையும் எதிர்க்காமல் இழக்கக்கூடிய ஒன்று தன்னிடம் மட்டுமே இருந்தது, அதை இழந்தார் என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் பயந்தவர்கள் எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. அவரே அதுவரை செய்ததில்லை.

சக்கரவர்த்தி பிறகு ஒருநாள் கோபமில்லாமலேயே கேட்டார். "ஏம்பா, ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?" கோதண்டராமன் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று சக்கரவர்த்திக்குத் தெரியவில்லை. ஆர்த்தி தன் பங்குக்கு, திட்ட விளக்கத்தில் போடுவதற்காக, எப்படித் தோன்றியது என்று கேட்டார். சுண்ணாம்பு இந்தத் தடவை கொஞ்சம் நைசாக இருந்தது என்றார் அவர். ஆராயி எதுவும் கேட்கவில்லை. தன் மேடையின் ஓரத்தில் மெஷின் போட்டுக்கொள்ளச் சொன்னார். அவர் வரவில்லை.

மணிமொழி மட்டும் பலமுறை கேட்டார். கடையில்லாமல் என்ன செய்வதாக நினைத்தீர்கள், யாரிடம் கேட்டீர்கள், எப்போது முடிவு செய்தீர்கள். ஒவ்வொரு முறையும் அவர் கேள்வியை முழுதாகக் கேட்டுக்கொண்டார். மெஷினை அடி அண்ணாமலை வீட்டு வாசலுக்கு வெளியே, கிரிவலப் பாதையின் ஓரமாகக் கொண்டுவந்து போட்டார். ஆடிப் பௌர்ணமியன்று, வாழ்க்கை முழுவதும் எதற்கு ஷட்டரை இறக்கினாரோ அந்தக் கூட்டம் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வந்துகொண்டிருந்தபோது, ஷட்டரும் சுவரும் இல்லாத அந்த இடத்தில் உட்கார்ந்து, கை நடுங்க நடுங்க ஊசியில் நூல் கோத்தார்.